ஸ்கிரீன்ஷொட்டுக்கும் கணக்கு உண்டு

'கைபேசியும் இளைஞர்களும்' என்று ஒரு பயான் (மார்க்கச் சொற்பொழிவு) நடந்தால் அது எந்த வரிசையில் போகும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் போன் ஒரு ஃபித்னா (சோதனை), பிறகு ஆபாசம், பிறகு பெண் பிள்ளைகள் புரொஃபைலில் படம் போடுவது, அப்புறம் மறுபடியும் பெண் பிள்ளைகள், கடைசியில் துஆ. இதெல்லாம் தப்பு என்று சொல்ல வரவில்லை. பார்வையைத் தாழ்த்துங்கள் என்று அல்லாஹ் சொன்னது சொன்னதுதான். (குர்ஆன் 24:30 ஆண்களிடம்தான் முதலில் பேசுகிறது, பெண்களுக்கு அடுத்த வசனம். பயானில் இதையும் ஒரு வரி சொன்னால் நன்றாயிருக்கும்.) என் குறை வேறு. இலங்கையின் கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டு, நாள் முழுக்கப் பிள்ளைகளின் அசைன்மென்டுகளையும் வாட்ஸ்அப் குழுச் சண்டைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, இவர்கள் போனிலும் லெப்டொப்பிலும் செய்கிற பாவங்களில் பெரும்பங்கு அந்தப் பட்டியலில் வருவதே இல்லை என்று படுகிறது.

அல்லாஹ்வுக்கும் எனக்கும் இடையிலுள்ள பாவத்துக்கு நான் தனியாக இருந்து அழுது தௌபா (பாவமன்னிப்பு) செய்யலாம், அவன் மன்னிக்கிறவன். இன்னொரு மனிதனின் மானத்திலோ பணத்திலோ கைவைத்திருந்தால் அந்த மனிதனிடம் போய்த்தான் தீர்க்க வேண்டும். ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. குர்ஆன் மத்ரஸாவில் ஓதுகிற வயதிலேயே நமக்குச் சொல்லித் தந்த பாடம். ஸஹீஹ் முஸ்லிம் என்ற தொகுப்பில் ஒரு ஹதீஸ் (நபிமொழி) வருகிறது. வங்குரோத்துக்காரன் யார் தெரியுமா என்று நபி (ஸல்) கேட்கிறார்கள். காசும் பொருளும் இல்லாதவன் என்கிறார்கள் தோழர்கள். என் சமுதாயத்தில் வங்குரோத்துக்காரன் தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் மறுமையில் வருவான், ஆனால் ஒருவனை ஏசியிருப்பான், ஒருவன்மேல் பழி போட்டிருப்பான், ஒருவன் சொத்தைத் தின்றிருப்பான், ஒருவனை அடித்திருப்பான், இவனுடைய நன்மைகளை எடுத்து அவர்களுக்குப் பங்கு போட்டு, நன்மை தீர்ந்ததும் அவர்களுடைய பாவங்களை இவன் தலையில் போட்டு, நரகத்தில் எறியப்படுவான் என்று சொல்கிறார்கள். கவனியுங்கள், தொழுகையாளிதான் இங்கே வங்குரோத்து. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏனோ பிள்ளைகளின் பெட்ச் (ஒரே வருடத்தில் சேர்ந்தவர்கள்) வாட்ஸ்அப் குழுக்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

அங்கே நடப்பதைச் சொல்கிறேன். ஒரு பிள்ளை மனசு பாரமான ஒரு இரவில் தன் கூட்டாளிக்கு வீட்டுப் பிரச்சினையையோ கலியாணப் பேச்சு குழம்பியதையோ எழுதியிருக்கும். கொஞ்ச நாளில் இருவருக்கும் ஆகாமல் போகும். உடனே அந்த அரட்டை அப்படியே படமாகி, மேலே பெயர் பளிச்சென்று தெரிய, முதலில் இரண்டு மூன்று பேருக்குப் போகும், அவர்கள் ஒவ்வொருவரும் 'வேற யாருக்கும் அனுப்பாதே' என்று எழுதி வேறு யாருக்கோ அனுப்புவார்கள், மறுநாள் காலை எட்டு மணி லெக்சருக்கு அந்தப் பிள்ளை வந்து உட்காரும்போது பெட்ச் முழுக்கப் படித்து முடித்திருக்கும். இப்படி ஒருத்தி என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, "மிஸ், நான் படிப்ப விட்டுட்டுப் போகவா?" என்று கேட்டாள். அனுப்பியவளையும் எனக்குத் தெரியும். ஒரு வக்து தவறாமல் தொழுகிற பிள்ளை. கூப்பிட்டுக் கேட்டால் முகத்தில் கொஞ்சமும் கலக்கம் இல்லை. "நான் பொய் ஒண்டும் சொல்லல்லயே மிஸ், அவ எழுதினதத்தானே அனுப்பினேன்."

உள்ளதைச் சொன்னால் பாவமில்லை என்ற இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. புறம் பேசுவது என்றால் உன் சகோதரன் விரும்பாததை அவனைப் பற்றிச் சொல்வது என்று நபி (ஸல்) விளக்கியபோது, நான் சொல்வது அவனிடம் உண்மையில் இருந்தால், என்று ஒருவர் கேட்டே விட்டார். இருந்தால்தான் அது புறம், இல்லாவிட்டால் அவதூறு என்று பதில் வந்தது. அதாவது அந்தப் பிள்ளை தனக்குச் சாதகமாக எடுத்து வைத்த ஆதாரமே அவளுக்கு எதிரான சாட்சி. திர்மிதி, அபூதாவூத் ஹதீஸ் தொகுப்புகளில் இன்னொன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: ஒருவர் ஒரு பேச்சைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அந்தப் பேச்சு அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். 'யாரிடமும் சொல்லாதே' என்று அவர் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை, யாராவது கேட்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாலே போதும். வாட்ஸ்அப்பில் திரும்பிப் பார்க்க முடியாது. ஆனால் நள்ளிரவு ஒரு மணிக்கு, குழுவில் போடாமல், ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் ஒருத்தி எழுதுகிறாள் என்றால் அது திரும்பிப் பார்த்ததற்குச் சமம்தானே? என்னைக் கேட்டால் சமம்.

ஒரு தடவை மட்டும் திறந்து பார்க்கும்படி படம் அனுப்புகிற வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அதை ஸ்கிரீன்ஷொட் எடுக்க முடியாதபடி கம்பெனியே தடுத்து வைத்திருக்கிறது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பக்கத்துக் கட்டிலில் இருப்பவனின் போனை வாங்கி, இந்தப் போன் திரையை அந்தப் போனால் படம் பிடிக்கிறார்கள். திரையில் விரல் ரேகையும் ஹொஸ்டல் டியூப் லைட்டின் வெளிச்சமும் விழுந்த அப்படியான படங்களை முறைப்பாட்டோடு என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற ஒரு சம்பவம்: ஒருவர் நபியவர்களின் வீட்டுக் கதவுத் துவாரத்தால் உள்ளே எட்டிப் பார்க்கிறார். நபியின் கையில் தலை கோதுகிற இரும்புச் சீப்பு ஒன்று. நீ பார்க்கிறாய் என்று தெரிந்திருந்தால் இதனாலேயே உன் கண்ணில் குத்தியிருப்பேன், அனுமதி கேட்க வேண்டும் என்று சட்டம் வந்ததே பார்வைக்காகத்தான், என்றார்கள். அவ்வளவு மென்மையான மனிதர் அவ்வளவு கடுமையாகப் பேசிய இடங்கள் குறைவு. எட்டிப் பார்த்தவர் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை என்பதையும் பாருங்கள். எதையும் எடுக்கவில்லை, தொடவில்லை, கண் மட்டும்தான் உள்ளே போனது.

இதில் ஒரு கூட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், அவர்கள் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே செய்கிறவர்கள். ஒரு பிள்ளை யாரோடு கேன்டீனில் இருந்தாள், யாருடைய படத்துக்கு ஹார்ட் போட்டாள் என்று தேடித் தேடி எடுத்து, படமாக்கி, அவளுடைய வாப்பாவின் போனுக்கே அனுப்பிவைக்கிற சீனியர்மார். கேட்டால் "நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கிறோம்". பழைய காலத்து அறிஞர் இமாம் கஸாலி 'இஹ்யா' என்ற தன் நூலில் எடுத்துச் சொல்கிற ஒரு கதை இவர்களுக்கென்றே இருக்கிறது. கலீஃபா உமர் (ரழி) இரவில் நகர்வலம் வரும்போது ஒரு வீட்டிலிருந்து சத்தம் கேட்டு மதில் ஏறிக் குதிக்கிறார், உள்ளே ஒருவர் மதுவோடு இருக்கிறார். பிடிபட்டவர் சொல்கிறார்: நான் அல்லாஹ்வுக்கு மாறாக ஒன்று செய்தேன், நீங்கள் மூன்று செய்துவிட்டீர்கள். துருவி ஆராயாதீர்கள் என்றான், ஆராய்ந்தீர்கள். வீடுகளுக்கு வாசல் வழியாக வாருங்கள் என்றான், மதில் ஏறி வந்தீர்கள். அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழையாதீர்கள் என்றான், நுழைந்தீர்கள். உமர் அவரை விட்டுவிட்டுப் போய்விடுகிறார். நாட்டின் கலீஃபாவுக்கே கிடைக்காத அதிகாரம் மூன்றாம் வருட மாணவனுக்கு எங்கிருந்து கிடைத்தது? அந்த வாப்பா கோபத்தில் பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டால் மறுமையில் அந்தக் கணக்கு யார் பேரில் எழுதப்படும் என்று இவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

சரி, ஃபோர்வர்டுக்கு வருவோம்.

அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வதந்தி என்றால் என்ன என்று நான் படிப்பிக்கத் தேவையில்லை. 2018 பெப்ரவரிக் கடைசியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த மாவுக்கட்டியை மலட்டுக் குளிசை என்றார்கள். சிங்களம் சரியாக வராத அந்த மனிதர், சுற்றி நின்று அதட்டிய கூட்டத்துக்கு ஆமென்பதுபோல் ஏதோ சொன்னது வீடியோவாகி முகநூலில் பறந்தது. கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். ஒரு வாரம் கழித்து, கண்டிப் பக்கம் திகனவில் வேறொரு சம்பவத்தில் மூண்ட கலவரத்துக்கு இந்த வீடியோவும் எண்ணெய் ஊற்றியது. அவசரகால நிலை வந்தது, முகநூலும் வாட்ஸ்அப்பும் நாடு முழுக்க முடக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்துப் பார்த்துச் சொன்னது, அது மாவுதான் என்று. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்குகிற குளிசை என்று ஒன்று வைத்திய உலகத்திலேயே கிடையாது. தங்கள் தளம் அந்த வன்முறையில் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது, உடைந்த கடைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை என்பது வேறு கதை.

இப்படி அடிபட்ட சமூகம், வருகிற செய்தியை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் அனுப்பும் என்று நினைப்பீர்கள். எங்கே! இன்ன பிஸ்கட்டில் பன்றிக் கொழுப்பு, இன்ன கடைக்காரன் இஸ்லாத்துக்கு எதிரி, இன்ன மௌலவி இப்படிச் சொல்லிவிட்டார் (அவர் சொன்னதில் நடுவிலிருந்து பதினைந்து வினாடி), எல்லாம் வந்த வேகத்திலேயே போகிறது. மதீனாவில் ஷேக் அஹ்மத் கண்ட கனவு, இத்தனை பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதி வரும் என்கிற கடிதம் என் உம்மாவின் காலத்தில் ஃபோட்டோகொப்பியாகச் சுற்றியது, சவூதி அறிஞர் ஷேக் இப்னு பாஸ் அது பச்சைப் பொய் என்று தனியாக எழுதியே மறுத்தார், இப்போதும் ரமழான் நெருங்கினால் யாராவது ஒரு இறுதி வருட மாணவன் அதைக் குழுவில் போடுகிறான். ஒரு பாவி செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்துவீர்கள் என்று 49:6 சொல்கிறது. கேட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதே ஒருவன் பொய்யன் என்பதற்குப் போதும் என்ற ஹதீஸை இமாம் முஸ்லிம் தன் தொகுப்பின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார். பொய்யை உண்டாக்கியவனை மட்டும் சொல்லவில்லை, கேட்டதைக் கடத்தியவனையும் பொய்யன் பட்டியலில் சேர்க்கிறது. 'வந்ததை அனுப்பினேன்' என்று கீழே போடுகிற அந்த வழக்கமான வரி இந்த ஹதீஸுக்கு முன்னால் நிற்காது.

நபியின் மனைவி ஆயிஷா (ரழி) மீது பழி சொன்னபோது மதீனாவில் நடந்ததும் இதே சங்கதி. கதை கட்டியவர்கள் கொஞ்சப் பேர். கேட்டதை அடுத்த ஆளிடம் சொன்னவர்களில் நல்ல முஸ்லிம்களும் இருந்தார்கள். நீங்கள் அதை நாவால் வாங்கி, அறிவில்லாத ஒன்றை வாயால் பேசினீர்கள், இலேசாக எண்ணினீர்கள், அல்லாஹ்விடம் அது பாரதூரமானது என்று 24:15 இறங்கியது. இலேசாக எண்ணுவதுதான் பிரச்சினை. விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதானே.

பொய்யை அனுப்பிவிட்டோம் என்று தெரிந்தால் என்ன செய்வது என்றும் பிள்ளைகள் கேட்பதுண்டு. சத்தம் போடாமல் 'டிலீட் ஃபோர் எவ்ரிவன்' அழுத்திவிட்டு அடுத்த மீம் அனுப்புகிறார்கள். தௌபாவைப் பற்றி 2:160 பேசும்போது தௌபா செய்தவர்கள், சீர்செய்தவர்கள், தெளிவுபடுத்தியவர்கள் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது. சத்தியத்தை மறைத்தவர்களைப் பற்றி வந்த வசனம்தான், ஆனாலும் பாடம் இங்கேயும் பொருந்தும். எந்தக் குழுவில் போட்டீர்களோ அதே குழுவில் 'நான் அனுப்பியது பொய், இன்னது உண்மை' என்று ஒரு வரி. வெட்கமாகத்தான் இருக்கும். புறம் பேசிய விசயத்தில் கொஞ்சம் வேறு மாதிரி. பாதிக்கப்பட்டவரிடமே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அவரிடம் போய்ச் சொன்னால் புதுப் புண் உண்டாகும் என்றால் அவருக்காக துஆ செய்து, எங்கே அவர் மானத்தைக் குறைத்தீர்களோ அங்கேயே அவருடைய நல்லதைச் சொல்லுங்கள் என்கிறவர்களும் உண்டு. மேலே சொன்ன ஸ்கிரீன்ஷொட் மாதிரி ஊரே பார்த்துவிட்ட விசயத்தில் மறைக்க என்ன இருக்கிறது, நேரே போய்க் கேட்பதுதான் வழி.

இனி அசைன்மென்ட். 2022 நவம்பர் 30 இல் சட்ஜிபிடி வந்த பிறகு என் வேலையே மாறிவிட்டது. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அதைத் தொட்டாலே ஹராம் என்று பேசுகிற ஆள் நான் இல்லை. தமிழ் மொழிமூலம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு ஆங்கில மொழிமூலப் பட்டப்படிப்புக்கு வருகிற பிள்ளை முதல் வருடம் முழுக்கப் படுகிற பாடு எனக்குத் தெரியும். லெக்சரில் ஒன்றும் விளங்காமல், குப்பி என்கிற தனி வகுப்பு நடத்துகிற சீனியருக்காகக் காத்திருந்து, அவர் சொன்னதை எழுதிப் பாடமாக்கி, அப்படித்தான் எத்தனையோ பேர் பாஸாகினார்கள். இப்போது அந்தப் பிள்ளை இரவில் தனியாக இருந்து 'இந்தப் பந்தியை எளிய தமிழில் விளக்கு' என்று கேட்கலாம், விளங்காவிட்டால் வெட்கமில்லாமல் மறுபடியும் கேட்கலாம். இது ரஹ்மத், அல்லாஹ்வின் அருள். எந்தப் பொருளும் அடிப்படையில் ஆகுமானது (அனுமதிக்கப்பட்டது) என்பது ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) முதல் வகுப்புப் பாடம்.

ஆனால் கேட்டு விளங்கிக்கொள்வதும், அது எழுதித் தந்ததை அப்படியே பெயர் போட்டுக் கொடுப்பதும் ஒன்றா? தனக்குக் கொடுக்கப்படாததைக் கொண்டு நிறைந்தவன்போல் காட்டிக்கொள்கிறவன் பொய்யின் இரண்டு ஆடைகளை உடுத்தவனைப் போன்றவன் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அந்த அசைன்மென்டுக்கு நான் போடுகிற மார்க்ஸ், பக்கத்தில் இருந்து சொந்தமாக எழுதிக் குறைந்த மார்க்ஸ் வாங்கிய பிள்ளையின் பட்டத்தின் கிளாஸைத் தீர்மானிக்கிறது, அவளுடைய வேலையைத் தீர்மானிக்கிறது. இங்கேயும் ஹக்குல் இபாத்தான், கணினிக்கும் மாணவனுக்கும் இடையிலான தனிப்பட்ட விவகாரம் இல்லை.

இதில் என்னை உண்மையாகவே கலங்க வைத்தது வேறொன்று. ஸகாத்தின் பொருளாதாரப் பங்கு பற்றிய ஒரு அசைன்மென்ட். ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு போகிறது, நடுவில் அழகான ஒரு ஹதீஸ், வறுமையும் செல்வமும் பற்றி, கீழே 'புகாரி' என்று போட்டு எட்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு இலக்கம். பரவலாகப் புழங்குகிற இலக்க வரிசையில் ஸஹீஹுல் புகாரி 7563 இல் முடிந்துவிடுகிறது. நாவுக்கு இலேசான, தராசில் கனமான இரண்டு வார்த்தைகள் பற்றிய ஹதீஸ் அது, மத்ரஸாக்களில் புகாரி முடிக்கும் நாளில் ஊரே கூடி அதைக் கேட்கும். அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. அந்த வாசகத்தையும் தேடிப் பார்த்தேன், புகாரியில் இல்லை, நான் பார்த்த வேறு எந்தத் தொகுப்பிலும் இல்லை. இயந்திரம் ஹதீஸ் மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறது, பிள்ளை அதை ஒரு தடவைகூடச் சரிபார்க்காமல் நபியின் பெயரில் ஒப்படைத்திருக்கிறது.

என்மீது வேண்டுமென்றே பொய் சொல்கிறவன் நரகத்தில் தன் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்ற ஹதீஸை எத்தனை தோழர்கள் அறிவித்தார்கள் என்று கணக்கெடுக்கப்போனால் பட்டியல் நீளும். வேண்டுமென்றே செய்யவில்லை என்று அந்தப் பிள்ளை சொல்லலாம், சொன்னது, நான் நம்புகிறேன். ஆனால் ஒரு ஹதீஸுக்காக மாதக்கணக்கில் பயணம் போன சமூகம் நாம். இஸ்நாத் (அறிவிப்பாளர் தொடர்) மார்க்கத்தின் ஒரு பகுதி, அது இல்லாவிட்டால் விரும்பியவன் விரும்பியதைச் சொல்லியிருப்பான் என்று அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் சொன்னார். யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, அவர் ஞாபகசக்தி எப்படி, இருவரும் ஒரே காலத்தில் இருந்தார்களா என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த கலை. சட்ஜிபிடியிடம் 'உனக்கு யார் சொன்னது' என்று கேட்டுப் பாருங்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு இலக்கம் தரும். ஹதீஸ் கலையின் அளவுகோலில் இப்படியான அறிவிப்பாளருக்கு என்ன பெயர் என்று இஸ்லாமியக் கற்கைகள் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கஸாலி பற்றி இன்னொரு கதை உண்டு, இது அவருடைய இளமைக் காலத்தது. ஜுர்ஜானில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பும் வழியில் கொள்ளைக்காரர்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறார்கள். பின்னாலேயே ஓடி, மற்றதையெல்லாம் வைத்துக்கொள்ளுங்கள், என் குறிப்புகளை மட்டும் தாருங்கள், அதில்தான் என் அறிவெல்லாம் இருக்கிறது என்று கெஞ்சுகிறார். தலைவன் சிரிக்கிறான். பையைப் பறித்ததும் போய்விடுகிறதென்றால் அது என்ன அறிவு? பையைத் திருப்பிக் கொடுத்தும் விடுகிறான். ஊர் போய்ச் சேர்ந்த கஸாலி மூன்று வருடம் உட்கார்ந்து அத்தனையையும் மனதில் ஏற்றினாராம். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் "நீ எழுதினதத்தானே கேட்கிறேன், சொல்லு" என்றதும் விழிக்கிற முகங்களைப் பார்க்கும்போது அந்தக் கொள்ளைத் தலைவன் என் சக ஊழியர் மாதிரித் தெரிகிறான்.

ஆய்வுக்காரர்களிடம் வருகிறேன். இறுதி வருட டிஸெர்டேஷனுக்குக் கூகுள் ஃபோமில் கேள்விக்கொத்து அனுப்புவது வழக்கம். பதில் வராது. திகதி நெருங்கும். "மச்சான், ஆளுக்குப் பத்து ஃபோம் நிரப்பித் தாங்கடா" என்று குழுவில் ஒரு குரல். ஒருத்தனே ஆணாகவும் பெண்ணாகவும், விவசாயியாகவும் வங்கி ஊழியராகவும் மாறி மாறி டிக் போட்டு முடிக்கிறான். ஃபோமுக்குப் பின்னால் உள்ள அட்டவணையில் நேரம் பதிவாகும் என்பதுகூட அவர்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை, இரவு பதினொன்றேகாலிலிருந்து பதினொன்றரைக்குள் கிழக்கு மாகாணத்து விவசாயிகள் வரிசையாக வந்து விழுந்திருப்பார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மழை பட்டுவிட்டது என்றான் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா, ஏமாற்றுகிறவன் நம்மைச் சேர்ந்தவன் இல்லை, என்றார்கள். முப்பது பேர்தான் பதில் சொன்னார்கள் என்றால் முப்பது என்று எழுதுங்கள். ஈரத்தை மேலே வையுங்கள். சின்ன மாதிரி என்று நான் இரண்டு மார்க்ஸ் குறைப்பேன், அவ்வளவுதான். வராத கூட்டாளிக்காக வருகைப் பதிவு கியூஆரைப் படம் எடுத்து ஹொஸ்டலுக்கு அனுப்புகிறவர்களுக்கும் இதே பந்திதான், தனியாக எழுத எனக்குப் பொறுமை இல்லை.

பிறகு அந்தத் தரவை எதில் போடுவது? காசு கொடுக்காமல் பூட்டை உடைத்து எடுத்த, அதாவது கிராக் செய்த எஸ்பிஎஸ்எஸ் என்கிற புள்ளிவிபர மென்பொருளில். பென் டிரைவில் பெட்ச் பெட்ச்சாகக் கைமாறி வருகிற சொத்து. இஸ்லாமிய வணிக ஒழுக்கம் பற்றிய ஆய்வுக்குக் கிராக் எஸ்பிஎஸ்எஸ்ஸில் ரிக்ரெஷன் ஓட்டிக் கொண்டுவந்தவரை எனக்குத் தெரியும், அவருக்கு அதில் உறுத்தல் எதுவும் தெரியவில்லை. கேட்டால் இரண்டு பதில். ஒன்று, பெரிய கம்பெனிதானே, நம்மால் அவர்களுக்கு என்ன நட்டம். இரண்டாவது, அவர்கள் காஃபிர்கள்தானே. இரண்டாவதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தன்னைக் கொல்லத் திட்டம் போட்ட குறைஷிகளின் பொருட்கள் அமானிதமாகத் தன்னிடம் இருந்ததால், மதீனாவுக்கு ஹிஜ்ரத் போகிற இரவில் அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்கென்றே அலீயை (ரழி) மக்காவில் விட்டுப் போன நபியின் உம்மத் பேசுகிற பேச்சா இது? பதிப்புரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடித் தீர்மானம் எடுத்துவிட்டது, 43ஆம் இலக்கத் தீர்மானம். நாட்டுச் சட்டம் என்று பார்த்தாலும் 2003 இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது.

வசதியில்லாத பிள்ளை என்ன செய்யும், நிர்ப்பந்தம் ஹராமை ஆகுமாக்கும் இல்லையா என்று சட்டம் தெரிந்த மாதிரிக் கேட்பவர்களும் உண்டு. மஹாபொலப் புலமைப்பரிசுக் காசில் மாசத்தை ஓட்டுகிற பிள்ளைகளிடம் அந்த லைசன்ஸுக்குப் பணம் கேட்பது அநியாயம்தான், பல்கலைக்கழகம் வாங்கித் தர வேண்டும், தராமல் கிராக் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே எஸ்பிஎஸ்எஸ் அவுட்புட் கேட்கிற எங்களைப் போன்ற விரிவுரையாளர்களுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு என்றுதான் நான் சொல்வேன். ஆனால் நிர்ப்பந்தம் என்ற வாதம் வேறு வழியே இல்லாத இடத்தில்தான் எடுபடும். பிஎஸ்பிபி இருக்கிறது, ஜமோவி இருக்கிறது, ஆர் இருக்கிறது. எல்லாம் இலவசம், எல்லாம் சட்டப்படி. ஜமோவியில் மெனு எஸ்பிஎஸ்எஸ் மாதிரியே இருக்கும், எஸ்பிஎஸ்எஸ் கோப்பையும் அது திறக்கும். கட்டுரைக்கு வேர்ட் கிராக் எதற்கு, லிப்ரே ஒஃபிஸில் தமிழும் ஆங்கிலமும் ஒழுங்காக வரும்.

நேரத்தை வீணாக்குவது பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று யாராவது கேட்பீர்கள். ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் அதிகமானோர் நட்டப்படுகிற இரண்டு அருட்கொடைகள் என்ற புகாரி ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும், ரீல்ஸ் பார்ப்பதைப் பற்றி எல்லோரும் திட்டிவிட்டார்கள், என் பங்குக்கு வேண்டாம்.

இந்த செமஸ்டரிலிருந்து என் பாடத்தில் சில மாற்றங்கள். அசைன்மென்டை ஒப்படைத்த வாரத்திலேயே ஆளுக்குப் பத்து நிமிடம் என் அறையில் வாய்மொழியாகக் கேள்வி, மார்க்ஸில் பாதி அதற்கு. சட்ஜிபிடியிடம் என்ன கேட்டீர்கள், எதை எடுத்தீர்கள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதினால் ஒரு மார்க்ஸும் குறையாது. குர்ஆன் வசனமோ ஹதீஸோ எடுத்தால் நூலைத் திறந்து பார்த்து இலக்கம் போட்டிருக்க வேண்டும். எஸ்பிஎஸ்எஸ் அவுட்புட் கேட்பதையும் நிறுத்திவிட்டேன். புதன்கிழமை அஸருக்குப் பிறகு கணினி லெப்பில் ஜமோவிக்கு ஒரு குப்பி வைக்கிறோம், மூன்றாம் வருடப் பிள்ளைகள் இரண்டு பேர்தான் நடத்துகிறார்கள், நான் பின்னால் இருப்பேன். லெப்டொப் இருக்கிறவர்கள் சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள், அந்த லெப்பில் பாதிப் பிளக்குகளில் கரண்ட் வருவதில்லை.